தீராத கணக்குகள்: வாரிங் வினாவின் வழியே கணிதத்தின் வளர்ச்சி



தமிழில் ‘கணக்கு’ என்னும் சொல் இரு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. வரவு, செலவு, எடை, கூலி ஆகியவற்றை எழுதி வைப்பதும் கணக்கே. எண்களைக் கொண்டு விடை காண்பதும் கணக்கே. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் முதற்பொருளை நன்கு அறிவர். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவது தொடங்கிப் பால் நிறுக்கும் கொட்டகையில் எடை குறிப்பது வரை, அன்றன்றைய கணக்கு அன்றன்றே கிராணியின் ஏட்டில் ஏறியாக வேண்டும். மாத முடிவில் கணக்கு முடிந்தால்தான் சம்பளம். முடியாத கணக்கு என்றால் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்றே பொருள்.

பள்ளிக் கணக்கும் பெரும்பாலும் இவ்வாறே நடைபெறுகிறது. வினா ஒரு பக்கத்தில், விடை நூலின் கடைசிப் பக்கத்தில். விடை வராவிடில் குறை மாணவருடையது. இப்பழக்கத்தால், கணிதம் என்பது எவராலோ என்றோ முடித்து வைக்கப்பட்ட துறை, நாம் செய்யக்கூடியது அதை ஒப்புவிப்பது மட்டுமே என்னும் எண்ணம் இளமையிலேயே ஊன்றிவிடுகிறது.

உண்மை அதற்கு நேர்மாறானது. கணிதத்தை வளர்த்தவற்றுள் முடிந்த கணக்குகளைவிட முடியாத கணக்குகளுக்கே பங்கு மிகுதி. ஒரு வினா பல்லாண்டு தீராமல் நிற்கும்போது, அதனைத் தீர்ப்பதற்காகப் புதிய கருவிகள் செய்யப்படுகின்றன. அக்கருவிகள் அவ்வினாவோடு நின்றுவிடாமல் வேறு நூறு வினாக்களுக்கும் பயன்படுகின்றன. இதனைப் பொதுப்படக் கூறுவதினும் ஒரே ஒரு வினாவின் வரலாற்றைத் தொடக்கமுதல் காண்பது தெளிவு தரும். அதற்கு ஏற்றது வாரிங் வினா. அதன் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது; கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவரும் குற்றாலத்தின் அருகே பிறந்த ஒருவரும் அதன் போக்கை மாற்றுகின்றனர்; இன்றும் அது முழுமையாக முடியவில்லை.

1. வினா

செம்பனை நாற்றங்காலில் நாற்றுப் பைகளைச் சதுரம் சதுரமாக மட்டுமே அடுக்க வேண்டும் என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதுரத்தில் 1, 4, 9, 16, 25 என்றவாறே பைகள் இருக்க முடியும். இவை வர்க்க எண்கள். 13 பைகள் இருந்தால் 9, 4 என இரண்டு சதுரங்கள் போதும். 7 பைகள் இருந்தால் 4, 1, 1, 1 என நான்கு சதுரங்கள் வேண்டும். அதற்குக் குறைவாக இயலாது. எத்தனை பைகள் வந்தாலும் நான்கு சதுரங்களுக்குள் அடக்கிவிட முடியுமா? முடியும் என்பதே விடை.

அடுத்துப் பெட்டிகளைக் கன வடிவில் அடுக்குவோம். ஓர் அடுக்கில் 1, 8, 27, 64, 125 என்றவாறு பெட்டிகள் இருக்கும். இவை கன எண்கள். 23 பெட்டிகளை எடுத்துக்கொள்க. 27 என்பது 23ஐ விடப் பெரிது. ஆகவே 8, 1 ஆகிய இரண்டையே பயன்படுத்த முடியும். 8ஐ இரு முறை எடுத்தால் 16. எஞ்சிய 7க்கு ஏழு ஒன்றுகள். ஆக ஒன்பது கனங்கள் வேண்டும். ‘நெகிரி செம்பிலான்’ என்னும் பெயரில் உள்ள ‘செம்பிலான்’ ஒன்பதைக் குறிப்பது நமக்குத் தெரியும். கன எண்களின் உலகிலும் அந்த ஒன்பதே எல்லையாக அமைந்தது.

1770ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்ட் வாரிங் தம் நூலொன்றில் இவ்வாறு எழுதினார்: எந்த முழு எண்ணையும் அதிகம் போனால் நான்கு வர்க்கங்களின் கூட்டலாகவோ, ஒன்பது கனங்களின் கூட்டலாகவோ, பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூட்டலாகவோ எழுதலாம், மேலுள்ள அடுக்குகளுக்கும் இவ்வாறே. அவர் நிறுவல் எதனையும் தரவில்லை. சில எண்களைச் சோதித்துப் பார்த்து, அதிலிருந்து ஊகித்தே எழுதினார் எனலாம்.

ஊகம் வேறு, நிறுவல் வேறு. பத்தாயிரம் எண்களைச் சோதித்து அனைத்தும் பொருந்தினாலும் அடுத்த எண் பொருந்தும் என்பதற்கு அது உறுதியாகாது. எண்களுக்கு முடிவில்லை, சோதிப்பவரின் வாழ்நாளுக்கு முடிவுண்டு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தைக் கடப்பதே நிறுவல்.

2. முதற்படிகள்

வாரிங் எழுதிய அதே 1770இல் லக்ராஞ்சு என்னும் கணித மேதை நான்கு வர்க்கங்கள் எப்போதும் போதும் என்று நிறுவினார். அவருக்குக் கைகொடுத்தது ஆய்லர் கண்டறிந்த ஒரு சமன்பாடு. இரண்டு எண்கள் தனித்தனியே நான்கு வர்க்கங்களின் கூட்டலாக இருப்பின், அவற்றின் பெருக்குத் தொகையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாகவே இருக்கும் என்பது அதன் சாரம். ஒன்றைவிடப் பெரிய எண்கள் அனைத்தும் பகா எண்களாகவோ பகா எண்களின் பெருக்கமாகவோ இருப்பதால், பகா எண்களுக்கு மட்டும் நிறுவினால் போதும் என்றாயிற்று. தீராத வினா ஒன்று எண்களின் உள்ளமைப்பை எவ்வாறு வெளிக்கொணர்கிறது என்பதற்கு இது முதற்சான்று.

நான்காம் அடுக்கில் இத்தகைய எளிய வழி கிட்டவில்லை. பத்தொன்பாம்நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சு அறிஞர் லியூவில், 53 நான்காம் அடுக்குகள் எப்போதும் போதும் என்று காட்டினார். அவர் வாதம் மாணவர்க்கும் புரியக்கூடியது. எந்த எண்ணையும் 6ஆல் வகுத்தால் மீதி 5க்கு மேற்படாது. ஈவை லக்ராஞ்சின் முடிவின்படி நான்கு வர்க்கங்களாகப் பிரிக்கலாம். ஒரு வர்க்கத்தின் ஆறு மடங்கைப் பன்னிரண்டு நான்காம் அடுக்குகளாக எழுதலாம் என்று ஒரு சமன்பாடு உண்டு. ஆக நான்கு பன்னிரண்டு 48, மீதிக்கு ஐந்து ஒன்றுகள், மொத்தம் 53. நிறுவல் அழகியதே. ஆயினும் வாரிங் கூறியது 19. பழைய கருவியைக் கொண்டு எவ்வளவு தொலைவு செல்ல முடியும், எங்கே அது நின்றுவிடும் என்பதை 53க்கும் 19க்கும் இடையிலிருந்த இடைவெளி காட்டிற்று.

1909இல் இரண்டு முன்னேற்றங்கள் நிகழ்ந்தன. கனங்கள் ஒன்பது போதும் என்று வீஃபெரிக் நிறுவினார். அதிலிருந்த ஓர் இடைவெளியை 1912இல் கெம்ப்னர் நிரப்பினார். அதே 1909இல் இல்பர்ட், எந்த அடுக்கை எடுத்துக்கொண்டாலும் போதுமான ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை கட்டாயம் உண்டு என்று நிறுவினார். ஆயின் அந்த எண்ணிக்கை எது என்று அவர் முறை கூறவில்லை. ஒரு தோட்டத்து மரங்கள் எண்ணி முடிக்கக்கூடியவை என்று உறுதி கூறிவிட்டு, எத்தனை என்பதைச் சொல்லாமல் விடுவது போன்றது இது. எண்ணிக்கையைக் காண வேறொரு கருவி தேவைப்பட்டது. அக்கருவி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

3. துறைமுக எழுத்தர் தந்த கருவி

1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன், 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். பகலில் அலுவலகத்தின் முடியும் கணக்குகளை எழுதிய அவர், தம் சொந்தக் குறிப்பேடுகளில் முடியாத கணக்குகளை எழுதினார். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்று ஆர்டியோடு சேர்ந்து பணியாற்றினார். அவர்கள் எடுத்துக்கொண்ட வினா வாரிங் வினா அன்று. எண் பிரிவினை பற்றியது.

4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 5ஐ ஏழு வகையாகப் பிரிக்கலாம். எண் வளர வளர வகைகள் மிக விரைந்து பெருகுகின்றன; 100க்கு அவை 190,569,292. ஒவ்வொன்றாக எழுதிப் பாராமல் இவ்வெண்ணிக்கையை ஒரு வாய்பாட்டால் கூற இயலுமா என்பதே வினா. 1918இல் ஆர்டியும் ராமானுஜனும் அத்தகைய வாய்பாட்டை வெளியிட்டனர். 200க்குரிய பிரிவினைகள் 3,972,999,029,388 என்று மக்மகோன் தனியே கணக்கிட்டிருந்தார். அவ்வாய்பாட்டின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டிய விடை இதனின்று 0.004 அளவே விலகியிருந்தது.

அவர்கள் கையாண்ட உத்தியே பின்னர் ‘வட்ட முறை’ எனப் பெயர் பெற்றது. அதன் கருத்தை உறுமி மேளத்தைக் கொண்டு விளக்கலாம். பல மேளக்காரர்கள் வெவ்வேறு எண்ணிக்கையில் தாளமிட்டு வாசிப்பதாகக் கொள்க. பெரும்பாலான நொடிகளில் அடிகள் முன்னும் பின்னுமாகச் சிதறி ஒன்றையொன்று அமுக்கிவிடும். சில குறிப்பிட்ட நொடிகளில் மட்டும் எல்லா அடிகளும் ஒன்றாய் விழுந்து பேரொலி எழும். மொத்த ஒலியின் அளவை அறிய அப்பேரொலி எழும் இடங்களை நுட்பமாகக் கணக்கிட்டு, மற்ற இடங்களில் எழும் ஒலி சிறிதே என்று காட்டினால் போதும். வட்ட முறையில் மேளத்தின் இடத்தில் எண்களிலிருந்து உருவாக்கப்பட்ட அலைகள் நிற்கின்றன. ஒரு வட்டத்தைச் சுற்றி அவற்றை அளக்கும்போது, 1/2, 1/3, 2/3, 1/4 போன்ற எளிய பின்னங்களைக் குறிக்கும் இடங்களின் அருகில் அலைகள் ஒன்றுகூடிப் பெருகுகின்றன.

ராமானுஜன் 1920 ஏப்ரலில் மறைந்தார். அவ்வாண்டு தொடங்கி ஆர்டியும் லிட்டில்வுட்டும் இதே முறையை வாரிங் வினாவின்மேல் செலுத்தினர். இல்பர்ட்டால் கூற இயலாத எண்ணிக்கைகள் முதன்முறையாகக் கைக்கு எட்டின. பின்னர் உருசிய அறிஞர் வினோகிராதவ் அம்முறையை எளிமையாக்கிக் கூர்மைப்படுத்தினார். ஒரு வினாவுக்காகச் செய்த கருவி மற்றொரு வினாவைத் திறந்தது. பிரிவினை வினாவை எவரும் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் வாரிங் வினாவும் நெடுங்காலம் அசையாமல் கிடந்திருக்கக்கூடும்.

4. குற்றாலத்தின் அருகிலிருந்து சிதம்பரத்திற்கு

சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5ஆம் நாள் குற்றாலத்தை அடுத்த வல்லம் என்னும் ஊரில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியுமுன் தந்தையையும் இழந்தார். அவருடைய திறமையை உணர்ந்த பள்ளியாசிரியர் ஒருவர், தம் ஊதியத்திலிருந்து உதவிப் படிப்பைத் தொடரச் செய்தார் என்று அவர் வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, 1929இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார்.

அக்காலத்தில் வாரிங் வினாவின் நிலை இதுதான்: வட்ட முறை, ‘மிகப் பெரிய எண்கள் அனைத்துக்கும்’ எத்தனை அடுக்குகள் போதும் என்று கூறும். ஆயினும் வாரிங் கேட்டது எல்லா எண்களையும் பற்றி. பெரிய எண்களைவிடச் சிறிய எண்களே இங்குத் தொல்லை தருபவை. 23ஐப் பார்த்தோம். நான்காம் அடுக்கில் 79ஐப் பார்க்கலாம். 81 பெரிதாகிவிடுவதால் 16, 1 ஆகியவை மட்டுமே உண்டு. நான்கு பதினாறுகள் 64, எஞ்சிய 15க்கு பதினைந்து ஒன்றுகள், ஆக 19. எனவே எந்த அடுக்குக்கும் குறைந்தது எத்தனை வேண்டும் என்பதை எளிதில் கூறலாம். 3இன் அடுக்கை 2இன் அதே அடுக்கால் வகுத்து ஈவை எடுத்துக்கொள்க. 2இன் அடுக்கோடு அந்த ஈவைக் கூட்டி 2ஐக் கழித்தால் அவ்வெண்ணிக்கை கிடைக்கும். நான்காம் அடுக்கில் 81ஐ 16ஆல் வகுத்தால் ஈவு 5; 16+5−2=19. கன எண்களில் 27ஐ 8ஆல் வகுத்தால் ஈவு 3; 8+3−2=9.

இதற்குக் குறையாமல் வேண்டும் என்பது எளிது. இதுவே எப்போதும் போதும் என்று காட்டுவதே அரிது. 1936ஐ ஒட்டி அண்ணாமலையில் பிள்ளையும், சிக்காகோவில் டிக்சனும், தனித்தனியே அதனைச் செய்தனர். வட்ட முறையைக் கொண்டு மேலிருந்து கீழே இறங்கி, நேரடிக் கணக்குகளைக் கொண்டு கீழிருந்து மேலே ஏறி, இரண்டும் சந்திக்கும் இடத்தைக் கண்டனர். ஏழாம் அடுக்குமுதல் அதற்கு மேற்பட்டவை அனைத்துக்கும், ஒரு சிறு நிபந்தனையின் கீழ், மேற்கூறிய வாய்பாடு சரியென்று தெரிந்தது. பின்னர் 1940இல் ஆறாம் அடுக்குக்கு 73 என்று பிள்ளை தனியே முடித்துக் காட்டினார். நிபந்தனையின் ஓரத்தில் எஞ்சி நின்ற நிலையை 1940களில் ருபுகுண்டேயும் நிவனும் தீர்த்தனர்.

பிள்ளை பின்னர் திருவிதாங்கூரிலும் கல்கத்தாவிலும் பணியாற்றினார். 1950இல் பிரின்ஸ்டன் உயர்கல்வி ஆய்வு நிறுவனத்தின் அழைப்பை ஏற்று, ஆர்வர்டில் நடைபெறவிருந்த உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டார். ஆகஸ்டு 31 அன்று அவர் சென்ற வானூர்தி கெய்ரோ அருகே விபத்துக்குள்ளாயிற்று. அவர் உயிர் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 49.

5. எஞ்சியவை முடிந்த விதம்

பெரிய அடுக்குகள் முடிந்த பிறகும் சிறிய அடுக்குகள் இரண்டு அடங்காமல் நின்றன. ஐந்தாம் அடுக்குக்கு 37 என்பதைச் சீன அறிஞர் சென் ஜிங்ருன் 1964இல் நிறுவினார். நான்காம் அடுக்குக்கு 19 என்பதை, பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக விளங்கிய இரா. பாலசுப்பிரமணியன், பிரெஞ்சு அறிஞர்களான தெசூயியே, திரெஸ் ஆகியோருடன் சேர்ந்து 1986இல் அறிவித்தார். ஓர் எல்லைக்கு மேற்பட்ட எண்களை வட்ட முறையும், அதற்குக் கீழ்ப்பட்டவற்றைக் கணினியின் துணை கொண்ட கணக்கும் பார்த்துக்கொண்டன.

வகுப்பறையில் எழுதிக் காட்ட ஏதுவாக முடிவுகளைத் தொகுத்துத் தருகிறேன்:

இரண்டாம் அடுக்கு: 4 (லக்ராஞ்சு, 1770)
மூன்றாம் அடுக்கு: 9 (வீஃபெரிக், 1909, கெம்ப்னர், 1912)
நான்காம் அடுக்கு: 19 (பாலசுப்பிரமணியன், தெசூயியே, திரெஸ், 1986)
ஐந்தாம் அடுக்கு: 37 (சென் ஜிங்ருன், 1964)
ஆறாம் அடுக்கு: 73 (பிள்ளை, 1940)

ஒரு பக்கத்தில் எழுதிய ஒரு வாக்கியத்தின் மூன்றாவது கூற்று மெய்யென்று தெரிய 216 ஆண்டுகள் ஆயின. அடுக்குகளின் வரிசையும் ஆண்டுகளின் வரிசையும் ஒத்துப்போகவில்லை என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். சிறிய எண் எளிது, பெரிய எண் கடிது என்பது கணிதத்தில் எப்போதும் உண்மையன்று.

6. இன்னும் தீராதவை

‘ஒரு சிறு நிபந்தனை’ என்றேனே, அதனை ஆரம்பப் பள்ளி மாணவரும் புரிந்துகொள்ளலாம். 3இன் அடுக்கை 2இன் அதே அடுக்கால் வகுக்க. ஈவையும் மீதியையும் கூட்டுக. அக்கூட்டுத்தொகை 2இன் அடுக்கை மிஞ்சக்கூடாது, அவ்வளவே. மூன்றாம் அடுக்கில் 27ஐ 8ஆல் வகுக்க, ஈவு 3, மீதி 3. கூட்டினால் 6, அது 8ஐ மிஞ்சவில்லை. ஐந்தாம் அடுக்கில் 243ஐ 32ஆல் வகுக்க, ஈவு 7, மீதி 19. கூட்டினால் 26, அது 32ஐ மிஞ்சவில்லை. எட்டாம் அடுக்கில் 6561ஐ 256ஆல் வகுக்க, ஈவு 25, மீதி 161, கூட்டினால் 186.

இந்நிபந்தனை எப்போதாவது மீறப்படுமா? 1957இல் மாலர், மீறும் அடுக்குகள் இருப்பினும் அவை எண்ணி முடிக்கக்கூடிய சிலவே என்று நிறுவினார். 1990இல் கணினிச் சோதனை 471,600,000ஆம் அடுக்கு வரை சென்றது, ஒன்றும் மீறவில்லை. ஆயினும் ஒருபோதும் மீறாது என்று இன்றுவரை எவரும் நிறுவவில்லை. வெறும் வகுத்தல் கணக்கு ஒன்று உலகக் கணிதர் அனைவரையும் நிறுத்தி வைத்திருக்கிறது.

கன எண்களிலும் ஒரு வினா உண்டு. ஒன்பது கனங்கள் தேவைப்படும் எண்கள் 23, 239 ஆகிய இரண்டு மட்டுமே. எட்டு தேவைப்படுபவை பதினைந்தே. அவற்றுள் மிகப் பெரியது 454. அதற்கு மேல் ஏழு கனங்கள் எப்போதும் போதும் என்பதை 2016இல் சமீர் சிக்செக் நிறுவி முடித்தார். மிகப் பெரிய எண்கள் அனைத்துக்கும் நான்கு கனங்களே போதும் என்று பலரும் நம்புகின்றனர். ஆறு போதும் என்றுகூட இன்னும் நிறுவப்படவில்லை.

பிள்ளை தாமே ஒரு வினாவையும் விட்டுச் சென்றார். 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என வர்க்கம், கனம் முதலிய அடுக்கு எண்கள் அனைத்தையும் வரிசையாக எழுதுக. 8க்கும் 9க்கும் இடைவெளி ஒன்று. இவ்விடைவெளி வேறெங்கும் வாராது என்று 1844இல் கத்தலான் ஊகித்தார். 2002இல் மிகைலெஸ்கு நிறுவினார். பிள்ளையின் ஊகம் இதைவிட விரிவானது: இடைவெளியாக எந்த எண்ணைக் குறிப்பிட்டாலும் அவ்விடைவெளி கொண்ட இணைகள் எண்ணி முடிக்கக்கூடியவையே. 25க்கும் 27க்கும் உள்ள இடைவெளியாகிய இரண்டுக்குக்கூட இது இன்னும் நிறுவப்படவில்லை. ‘பிள்ளை ஊகம்’ என்ற பெயரிலேயே உலகெங்கும் இது ஆராயப்படுகிறது.

7. வினா எவ்வாறு வளர்க்கிறது

இவ்வரலாற்றிலிருந்து மூன்று செய்திகளைத் தொகுக்கலாம். முதலாவது, நல்ல வினா கருவியை உண்டாக்குகிறது. கருவி வினாவைவிட நெடிது வாழ்கிறது. வினோகிராதவ் 1937இல், போதிய அளவு பெரிய ஒற்றை எண்கள் அனைத்தும் மூன்று பகா எண்களின் கூட்டல் என்று நிறுவியதும் வட்ட முறையின் வழியேதான். இரண்டாவது, நல்ல வினா நம் அறிவின் எல்லையைக் காட்டுகிறது. 53க்கும் 19க்கும் இடைவெளி இருந்திராவிட்டால் புதுக்கருவி தேவை என்பதே தெரிந்திராது. மூன்றாவது, நல்ல வினா காலத்தையும் நாட்டையும் கடந்து மனிதரைச் சேர்க்கிறது. ஒருவரையொருவர் காணாத வாரிங்கும் பிள்ளையும் சென்னும் ஒரே பணியில் தோழர்களாயினர்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தீராத வினாக்கள் அனைத்தும் இவ்வாறு வளம் தருவதில்லை. அரிதாயிருப்பது மட்டும் ஒரு வினாவின் பெருமையாகாது. அது வேறு வினாக்களோடு கிளைபரப்பி இணைகிறதா என்பதே அளவுகோல். பெயர்பெற்ற வினாவின் புகழில் மயங்கி, அடிப்படைக் கருவிகளைப் பயிலாமல் அதன்மேல் பாய்ந்து ஆண்டுகளை வீணாக்கியோரும் உண்டு. லக்ராஞ்சு ஆய்லரையும், பிள்ளை வினோகிராதவையும் முறையாகக் கற்ற பின்னரே அடுத்த அடி வைத்தனர்.

8. நம் வகுப்பறைகளில்

நெகிரி செம்பிலானில் இரப்பர் நிரைகள் செம்பனையாயின. செம்பனை நின்ற நிலம் பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகளாயிற்று. தோட்ட மக்கள் இடம்பெயர, தோட்டத்துப் பள்ளிகளில் மாணவர் தொகை குறைந்தது; சில பள்ளிகள் வேறிடம் சென்றன. சிறு வகுப்பில் பயிலும் மாணவர், பெரும் கணிதம் வேறெங்கோ வேறு யாராலோ செய்யப்படுவது என்று எண்ணுவது இயல்பு. தாய்தந்தையை இழந்த வல்லத்து மாணவரின் கையிலிருந்தவை தாளும் எழுதுகோலும் ஓர் ஆசிரியரின் நம்பிக்கையுமே என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

2003 முதல் சில ஆண்டுகள் நம் தமிழ்ப்பள்ளிகளிலும் கணிதம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. அக்கொள்கை மாறியபின் கணிதப் பாடம் தமிழுக்குத் திரும்பியது. பாடநூற் கணக்கைச் செய்வதற்கு மட்டுமன்றி, தீராத கணக்கைப் பற்றி வியந்து பேசுவதற்கும் தமிழ் பயன்படும்போதுதான் அத்திரும்புதல் நிறைவுபெறும். ஊகம், நிறுவல், நிபந்தனை, எல்லை ஆகிய சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றை வகுப்பில் புழங்கவிடுவதே வேண்டுவது.

ஆசிரியர்கள் மேற்கொள்ளத்தக்க பயிற்சி ஒன்றைக் கூறுகிறேன். 1 முதல் 100 வரையுள்ள எண்களை மாணவர்க்குப் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் மிகக் குறைந்த வர்க்கங்களின் கூட்டலாக எழுதச் செய்யுங்கள். நான்கு வர்க்கங்கள் தேவைப்படும் எண்கள் பதினைந்து கிடைக்கும்: 7, 15, 23, 28, 31, 39, 47, 55, 60, 63, 71, 79, 87, 92, 95. அவற்றை 8ஆல் வகுத்து மீதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றில் மீதி 7. எஞ்சிய மூன்றையும் 4ஆல் வகுத்தபின் அதே மீதி தோன்றும். காரணம் என்ன என்று மாணவர்களே ஊகிக்கட்டும். அடுத்த வாரம் கன எண்களுக்குச் செல்லலாம். மூன்றாம் வாரம் ஈவையும் மீதியையும் கூட்டும் வகுத்தல் கணக்குக்கு வரலாம்.

அப்போது ஒரு மாணவர், “இது எப்போதும் சரியாக வருமா, ஐயா?” என்று கேட்கக்கூடும். “அது இன்னும் எவருக்கும் தெரியாது, நீங்கள் ஒன்பதாம் அடுக்கிலிருந்து தொடர்ந்து பாருங்கள்” என்பதே அதற்கு உண்மையான விடை. தேர்வுத்தாளில் இடம்பெறாத அவ்விடையை ஆசிரியர் வாயிலிருந்து ஒருமுறையேனும் கேட்ட மாணவர், கணிதம் இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒரு பணி என்பதையும், அதில் தமக்கும் இடமுண்டு என்பதையும் அறிந்துகொள்வார்.